25 துளை சாக்கெட்டில் கன்வெர்ட்டர் மாட்டியும் பழைய பிரிண்டர் ஏன் அடிக்கவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒருவர் தன் அப்பாவின் உரக்கடையில் இருக்கும் பழைய கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு லேப்டாப்புக்கு மாறப் பார்க்கிறார். பில் அடிக்க மட்டும் அதே பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் வேண்டும். கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்க வேறு வழியில்லை. கணினியின் முதுகில் 25 துளைகள் உள்ள சாக்கெட் ஒன்று, 25 ஊசிகள் உள்ளது ஒன்று, 9 ஊசிகள் உள்ளது ஒன்று, கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று. இதுவரை இரண்டு கன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார். முதலாவது, யூஎஸ்பியிலிருந்து 9 ஊசிக்கு வரும் கேபிள், அதன் தலையில் 9-ஐ 25 ஆக்கும் ஓர் அடாப்டர். இரண்டாவது, யூஎஸ்பியிலிருந்து நேராகப் பிரிண்டரின் அகலமான சாக்கெட்டுக்குப் போகும் கேபிள். இரண்டிலும் ஓர் எழுத்துகூட விழவில்லை. ‘எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. பிரிண்டர் போய்விட்டதா?’ என்று கேட்கிறார். பழைய கீபோர்டை லேப்டாப்பில் மாட்ட முடியுமா என்பது கேள்வியின் வால்.

பிரிண்டர் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை இரண்டே நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். கணினிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, தாளை மாட்டி, லைன் ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பிரிண்டரை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் தாமாகவே எழுத்து வரிசையை அடிக்க ஆரம்பிக்கும். அடித்தால் தலை, மோட்டார், ரிப்பன் எல்லாம் நலம். கணினியோடு பேசும் பகுதி நலமா என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. மிச்சக் கேள்வி, பொருந்துகிற இரண்டு சாமான் ஏன் ஒன்றோடொன்று பேசவில்லை என்பது. கோவையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தப் பெட்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்த ‘மாட்டினேன், ஓடவில்லை’ புகார்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்: சாக்கெட்டின் உருவத்தைப் பார்த்து உள்ளே ஓடும் பாஷையை முடிவு செய்துவிடுகிறோம்.

கணினியின் முதுகில் இருக்கும் அந்த ‘டி’ வடிவ சாக்கெட் கணினிக்கென்று பிறந்ததே கிடையாது. அமெரிக்காவின் கேனன் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக்கு அது சின்னதாக இருந்ததால் ‘டி சப்மினியேச்சர்’ என்று பெயர். கூட்டின் அளவுக்கு ஓர் எழுத்து உண்டு: ஏ என்றால் 15 பின் (ஊசி அல்லது துளை) உள்ள கூடு, பி என்றால் 25, சி 37, டி 50, இ 9. ஆகவே 25 பின் உள்ளது டிபி-25, சரி. ஆனால் ஊரெல்லாம் டிபி-9 என்று சொல்வது கணக்குப்படி டிஇ-9. கடையில் போய் டிஇ-9 கேட்டால் முழிப்பார்கள், டிபி-9 என்றே கேளுங்கள். காலி வீடு மாதிரி இந்தக் கூட்டில் யார் வேண்டுமானாலும் குடிவந்தார்கள். மோடம் வந்தது, பிரிண்டர் வந்தது, மானிட்டர் வந்தது, ஜாய்ஸ்டிக் வந்தது. வாசலைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

ஐபிஎம் வகைக் கணினியில், அதாவது டாஸ், விண்டோஸ் ஓடும் சாதாரண பிசியில் மட்டும் நம்பக்கூடிய ஒரு விதி உண்டு. கணினியின் முதுகில் 25 துளை என்றால் பேரலல், அதாவது பிரிண்டர் போர்ட். 25 ஊசி என்றால் சீரியல், அதாவது ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பும் போர்ட். 9 ஊசி என்றாலும் சீரியல். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினிதான் சீரியலை 9 ஊசிக்குச் சுருக்கியது. பின்னாட்களில் வந்த பெட்டிகளில் 9 ஊசியே வழக்கமாகிவிட்டது, அதனால் 25 ஊசி இருக்கிறது என்றாலே உங்கள் அப்பாவின் கணினி கொஞ்சம் வயதானது. 9 துளை கண்ணில் பட்டால் அது சீரியல் அல்ல, விஜிஏ என்கிற மானிட்டர் இணைப்புக்கு முந்தைய மானிட்டருக்கானது. 15 துளை மூன்று வரிசையில் இருந்தால் விஜிஏ, இரண்டு வரிசையில் இருந்தால் ஜாய்ஸ்டிக். விஜிஏ கேபிளின் முனையில் நடுவில் ஓர் ஊசி இல்லாததைப் பார்த்து ‘உடைந்துவிட்டது’ என்று கொண்டுவருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது 9-ஆம் பின், பல கேபிள்களில் அதை வைக்காமலே செய்வார்கள்.

இந்த விதியை மற்ற இயந்திரங்களுக்கு நீட்டிவிடாதீர்கள். பழைய மேக்கின்டாஷின் முதுகில் இருக்கும் 25 துளை, ஸ்கஸி என்கிற வேறொரு சமாச்சாரம், ஹார்ட் டிஸ்க்குக்கானது. எங்கள் ஊர்ப் பக்கம் பட்டறைகளில் இருக்கும், கணினி கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரங்கள் பலவற்றில் 25 துளை இருக்கும், அது பேரலல் அல்ல, சுத்தமான சீரியல். பிரிண்டர்களிலும் சிலவற்றில் அகலமான சாக்கெட்டோடு கூட, சீரியலுக்கென்று 25 துளை தனியாக இருக்கும். அப்புறம், ‘9 பின் பிரிண்டர்’ என்று கடைக்காரர் சொன்னால் அது சாக்கெட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அடிக்கிற தலையில் ஒன்பது ஊசிகள் இருக்கின்றன என்று அர்த்தம். 24 பின் என்றால் எழுத்து இன்னும் நெருக்கமாக, அழகாக விழும். இந்த 9-ஐயும் அந்த 9-ஐயும் குழப்பிக்கொண்டு தவறான கேபிள் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பேரலல் எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், அங்கேதான் உங்கள் முதல் கன்வெர்ட்டர் தோற்ற காரணம் இருக்கிறது. ஓர் எழுத்து எட்டு பிட், அதாவது எட்டு 0 அல்லது 1. அந்த எட்டையும் எட்டுக் கம்பிகளில், எண் 2 முதல் 9 வரையுள்ள பின்களில், கணினி ஒரே சமயத்தில் வைக்கிறது. ஒவ்வொன்றிலும் 0 வோல்ட் அல்லது சுமார் 5 வோல்ட். வைத்த பிறகு 1-ஆம் பின்னை ஒரு நொடி, நொடிகூட இல்லை, மைக்ரோ நொடியில் பாதி அளவுக்குக் கீழே இழுத்து விடுகிறது. அதற்கு ஸ்ட்ரோப் என்று பெயர். கதவைத் தட்டுகிற மாதிரி. பிரிண்டர் எழுத்தை எடுத்துக்கொண்டு 11-ஆம் பின்னில் ‘பிஸி’ என்று கை காட்டுகிறது, முடிந்ததும் 10-ஆம் பின்னில் ‘வாங்கிவிட்டேன்’ என்கிறது. தாள் தீர்ந்தால் 12-ஆம் பின். 18 முதல் 25 வரை எட்டும் வெறும் கிரவுண்ட், அதாவது 0 வோல்ட்டான பொதுக் கம்பி. இந்த முறை சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-ல் கொண்டுவந்த பிரிண்டரோடு வந்தது, பிரிண்டர் பக்கத்தில் இருபுறமும் கம்பிக் கொக்கி போட்டு இறுக்கும் 36 தொடுமுனை சாக்கெட்டும் அதிலிருந்துதான். ஐபிஎம் 1981-ல் பிசி கொண்டுவந்தபோது மானிட்டர் சாக்கெட்டையும் பிரிண்டர் சாக்கெட்டையும் ஒரே கார்டின் குறுகிய தகட்டில் வைத்தது. அங்கே 36-க்கு ஏது இடம்? ஒவ்வொரு சிக்னலுக்கும் தனித்தனியாக இருந்த கிரவுண்ட் கம்பிகளைக் கூட்டிச் சேர்த்து 25-க்குள் அடக்கிவிட்டார்கள். ஒரு முனை 25, மறுமுனை 36 என்று பிரிண்டர் கேபிள் விநோதமாக இருப்பது இதனால்தான்.

சீரியலின் சங்கதி முற்றிலும் வேறு. 1960-ல் வந்த ஆர்எஸ்-232 என்கிற விதிமுறை அது, தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியாகப் பேசுவதற்கு எழுதப்பட்டது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, கிரவுண்ட் ஒன்று. மற்றவை எல்லாம் ‘தயாரா, தயார்’ என்று கேட்டுக்கொள்ளும் கம்பிகள். எட்டு பிட்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கம்பியில் வரிசையில் போகும். முன்னால் ஒரு தொடக்க பிட், கடைசியில் ஒரு முடிவு பிட், ஆகப் பத்து. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ நொடி, நொடிக்கு 960 எழுத்து. மின்னழுத்தம் 0, 5 என்று இருக்காது. ‘1’ என்றால் மைனஸ், ‘0’ என்றால் பிளஸ். 5-லிருந்து 15 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். பேச்சு ஓடாதபோதும் அனுப்பும் கம்பி மைனஸில் நிற்கும். இதை நினைவில் வையுங்கள், மீட்டர் பிடிக்கும்போது உதவும்.

சரி, இப்போது உங்கள் முதல் கன்வெர்ட்டர். யூஎஸ்பி முதல் 9 ஊசி வரை உள்ள அந்தக் கேபிள் சீரியல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் மேல் மாட்டிய 9-25 அடாப்டரில் எந்தச் சில்லும் (சிப்) கிடையாது, ஒன்பது கம்பிகளை வேறு எண்ணுள்ள பின்களுக்குக் கொண்டுபோய் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. 25 துளை வந்துவிட்டதால் பிரிண்டர் கேபிள் அதில் அழகாக உட்கார்ந்துவிட்டது. கணினி ஒற்றைக் கம்பியில் மைனஸும் பிளஸுமாக அனுப்பிக்கொண்டிருக்க, பிரிண்டர் எட்டுக் கம்பியில் 5 வோல்ட்டை எதிர்பார்த்து ஸ்ட்ரோப்புக்குக் காத்திருந்தது. காலம் முழுக்கக் காத்திருந்தாலும் நடக்காது. பிரிண்டருக்கென்று கணினியில் போடும் டிரைவர் நிரல் எதைப் போட்டாலும் நடக்காது. பணம் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள்.

இதனால் பிரிண்டருக்குக் கேடு வந்திருக்குமா? இதில்தான் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு மளிகை மண்டிக்குப் போயிருந்தேன். பிரிண்டர் கேபிள் 25 ஊசி சாக்கெட்டில் போகவில்லை என்று, யாரோ ஊசியைத் துளையாக்கும் ஒரு ஜெண்டர் சேஞ்சரை வாங்கி நடுவில் வைத்து மாட்டிவிட்டிருந்தார்கள். (கடையில் ஊசி உள்ளதை ‘மேல்’, துளை உள்ளதை ‘ஃபீமேல்’ என்றுதான் சொல்வார்கள். ‘மேல் வேண்டும்’ என்று சொன்னதற்குப் பையன் மேல் அலமாரியைப் பார்த்ததும் உண்டு.) அந்தப் பிரிண்டரில் சுயசோதனை அருமையாக ஓடியது, கணினியிலிருந்து வருவது மட்டும் குப்பையாக விழுந்தது. 5 வோல்ட்டுக்குச் செய்த சில்லின் உள்ளீட்டில் பிளஸ் 12-உம் மைனஸ் 12-உம் போய் இரண்டு பிட் செத்துவிட்டன. இன்னொரு இடத்தில் இதே தப்பைச் செய்தும் பிரிண்டர் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது. சீரியல் சில்லுகள் தள்ளுகிற மின்னோட்டம் குறைவு. யூஎஸ்பி கேபிள்களில் மின்னழுத்தமும் பொதுவாக மிதமாகவே இருக்கும். உங்களுடையது தப்பித்திருக்கும் என்பது என் ஊகம். பழைய கணினியில் மாட்டி ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

இரண்டாவது கேபிள் சரியான கேபிள்தான். அதன் தடித்த தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது, யூஎஸ்பியில் வருவதை வாங்கி, எட்டுக் கம்பியில் வைத்து, ஸ்ட்ரோப் அடிக்கும். பிறகு ஏன் ஓடவில்லை? நீங்கள் எந்த பில்லிங் மென்பொருள் என்று எழுதவில்லை. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரலாக இருந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம். அந்த நிரல்கள் பேரலல் போர்ட்டைக் குறிக்கும் எல்பிடி1 என்ற பெயருக்கு அனுப்பும், சில இன்னும் முரட்டுத்தனமாக அந்தப் போர்ட்டின் 378 என்ற பதினாறடிமான முகவரியில் நேராகவே எழுதும். இந்தக் கேபிளோ விண்டோஸிடம் தன்னை ஒரு யூஎஸ்பி பிரிண்டராக அறிமுகம் செய்துகொள்கிறது. யூஎஸ்பி001 என்ற பெயரில்தான் அது உட்கார்ந்திருக்கும். எல்பிடி1 என்றொரு வாசல் உங்கள் லேப்டாப்பில் இல்லவே இல்லை. கடிதத்தை இடித்த வீட்டின் முகவரிக்குப் போட்ட மாதிரி.

விண்டோஸ் நிரலாக இருந்தாலும் ஒரு சிக்கல் வரலாம். புதிய பிரிண்டர் தன் பெயரையும் மாடலையும் தானே சொல்லும். பழைய பிரிண்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருபுறமும் பேசும் முறையை ஐஇஇஇ 1284 என்று 1994-ல்தான் ஒழுங்காக எழுதிவைத்தார்கள். ஆகவே விண்டோஸ் எதையும் கண்டுபிடிக்காமல் சும்மா இருக்கும். நீங்களே பிரிண்டரைச் சேர்க்க வேண்டும், போர்ட் கேட்கும்போது யூஎஸ்பி001-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், டிரைவருக்கு முதலில் ‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதைப் போட வேண்டும். நோட்பேடில் நாலு வரி தட்டி அடித்துப் பாருங்கள். அது விழுந்தால் கேபிள், பிரிண்டர் இரண்டும் சரி. அப்புறம் உங்கள் மாடலுக்குரிய டிரைவருக்கு மாறலாம்.

நோட்பேடிலிருந்து விழுகிறது, பழைய பில்லிங்கிலிருந்து மட்டும் விழவில்லை என்றால், பிரிண்டரை ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேர் பெயருக்குத் திருப்பிவிடுவது பழைய வழி. ஆனால் நிரல் 16 பிட் காலத்தது என்றால், 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் போன்ற ஒரு நிரலுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 378-இல் நேராக எழுதுகிற நிரலுக்கு நெட் யூஸ் பயன்படாது. அப்படிப்பட்ட பிடிவாதமான நிரல் என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே பேரலல் இருக்கும் மேசைக் கணினி ஒன்றைத் தேடுவது நல்லது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டில் இன்னும் கிடைக்கும். நாள் கணக்கில் லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதைவிட அதுவே மலிவாக முடியும்.

எது எந்தப் போர்ட் என்று இன்னும் சந்தேகம் இருந்தால், டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்க, எந்தக் கேபிளும் மாட்டாமல், 9 ஊசி சாக்கெட்டில் கறுப்பு முனையை எண் 5-லும் சிவப்பை எண் 3-லும் தொடுங்கள். மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12-க்குள் ஏதாவது காட்டினால் சீரியல், உயிரோடும் இருக்கிறது. 25 ஊசி என்றால் கறுப்பு 7-ல், சிவப்பு 2-ல். பின் எண்கள் பிளாஸ்டிக்கில் பொடியாக அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊசியையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். 2-உம் 3-உம் இடம் மாறியிருக்கும் சாதனத்திலும் இதே வித்தைதான்: எது மைனஸில் நிற்கிறதோ அது அந்தச் சாதனம் பேசுகிற பின், மற்றது கேட்கிற பின். எடை மெஷின், சிஎன்சி எல்லாவற்றிலும் நான் கேபிள் கட்டுவதற்கு முன் செய்வது இதைத்தான். பேரலல் சாக்கெட்டில் எங்கே தொட்டாலும் மைனஸ் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய கடைகளில் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் துளை அலங்காரத்துக்கு இருக்கும், உள்ளே கம்பி போயிருக்காது. அப்போது கணினிப் பெட்டியின் தகடு, பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டில் பாதியளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, தொட்டால் சுள்ளென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த நிலையில் கேபிளைச் செருகினால், கிரவுண்டுக்கு முன்னால் ஒரு சிக்னல் பின் தொட்டுவிட்டால், அந்தச் சில்லு வழியாகத்தான் அது வடியும். எனக்குத் தெரிந்து செத்துப்போன பேரலல் போர்ட்டுகளில் நிறைய இப்படிச் செத்தவைதான் என்று நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. லேப்டாப் மாட்டப்போகும் இடத்தில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள்.

கீபோர்டு விஷயம். வட்டமாக, பெரிதாக, ஐந்து துளையோடு இருந்தால் அது ‘டின்’ என்று பெயருள்ள வகை சாக்கெட். சின்ன வட்டம், ஆறு துளை என்றால் 1987-ல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினியோடு வந்தது. பின்னாளில் ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு என்று நிறம் கொடுத்தார்கள். ஏடி காலத்துப் பெரிய வட்டமும் இந்தச் சின்ன வட்டமும் ஒரே பாஷை பேசுபவை, உள்ளே வெறும் கம்பி உள்ள அடாப்டரே போதும். அதற்கு முந்தைய எக்ஸ்டி கீபோர்டு இருக்கிறதே, அதே பெரிய வட்டம்தான், பாஷை வேறு. யூஎஸ்பிக்குப் போக வேண்டுமென்றால், மவுஸோடு இலவசமாக வரும் அந்தக் குட்டிப் பச்சை அடாப்டர் உதவாது. அது இரண்டு பாஷையும் தெரிந்த மவுஸுக்கு மட்டும். உள்ளே சில்லு உள்ள பிஎஸ்/2-யூஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாலோடு, ஒன்று ஊதா, ஒன்று பச்சை என்று வரும்.

சீரியல் கன்வெர்ட்டர் தேடும்போது நான்கைந்து ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன போர்டு ஒன்றை, யூஎஸ்பி சீரியல் என்றே சொல்லி மலிவாக விற்பார்கள். அது 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கானது, சீரியல் போர்ட்டின் மைனஸ் 12-ஐக் கொடுத்தால் அன்றோடு சரி.

நீங்கள் செய்யவேண்டிய வரிசை: சுயசோதனை, பழைய கணினியில் ஒரு பில், அப்புறம் இரண்டாவது கேபிளை மாட்டி நோட்பேட். மூன்றாவதில் நின்றால் பில்லிங் நிரலின் பெயரையும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதுங்கள். பழைய கணினியிலிருந்து பிரிண்டர் கேபிளைக் கழற்றும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். வருடக்கணக்கில் இறுகிப்போன திருகு, சில நேரம் சாக்கெட்டின் பக்கத்தில் இருக்கும் அறுகோண நட்டையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். கேபிளோடு நட்டும் வருகிறதே என்று பதற வேண்டாம். ப்ளையரால் பிடித்து அதைத் தனியே எடுத்து, மறுபடி சாக்கெட்டில் முடுக்கி வைத்துவிடுங்கள்.